இரும்பில்லாத கிட்டார்

புரட்டாசி இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மூன்று நாளாகக் காற்று செத்துக் கிடந்தது. தலை சீவினால் சீப்போடு முடி எழும்பி நின்றது. அவ்வளவு வறட்சி. பட்டாசுத் தொழிலில் அப்படிப்பட்ட நாளை யாரும் நல்ல நாள் என்று சொல்லமாட்டார்கள். அந்த நிமிடத்தில் எங்கள் போர்மேன், பதினேழாம் நம்பர் அறைக்குள், வாசலில் பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொடாமல் நுழைந்தார்.

அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வெடிமருந்து வைத்துப் புழங்கும் ஒவ்வொரு அறையின் வாசலிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். நடந்தாலும் துணி உரசினாலும் மனித உடம்பில் கொஞ்சம் மின்சாரம் ஏறிக்கொள்கிறது. தகட்டில் கையை வைத்தால் அது மண்ணுக்குள் போய்விடும். வைக்காமல் போய் மருந்துத் தட்டைத் தொட்டால், விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி வரலாம். வராமலும் போகலாம். வந்தால், அறை இருக்காது.

நாரணாபுரத்துக்கு அப்பால் இருந்த அந்தக் கம்பெனியில் நான் கணக்கராக இருந்தேன். சம்பளக் கணக்கும் லோடு கணக்கும் பிறகுதான். காலையில் உள்ளே போன தலைகளையும் மாலையில் வெளியே வந்த தலைகளையும் எண்ணுவது என் முதல் வேலை. இரண்டும் ஒத்துப்போகும் வரை எனக்கு மதியச் சோறு தொண்டையிலேயே நிற்கும். போர்மேனும் நானும் ஆமத்தூர். கம்பெனி வேனில் முன்வரிசையில் அடுத்தடுத்த இருக்கை. அப்படி இருபத்தாறு வருடம்.

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வீட்டில்கூட அவர் சம்சாரம், “போர்மேன் வந்துட்டாகளா?” என்றுதான் கேட்பார்.

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் பொறி எங்கிருந்து வரும் என்று பார்ப்பது அவர் குணம். மற்றவர்கள் ஒரு கதவைப் பார்த்தால் கதவு என்பார்கள். அவர் கீலைப் பார்ப்பார், இரும்புக் கீல் என்றால் முகம் சுருங்கும். பெண்கள் கால் கொலுசு, ஆண்கள் பெல்ட்டு வளையம், செருப்படியில் ஆணி, எல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். வேலைக்கு வரும் பெண்கள் முந்தானைக்கு ஊக்குக் குத்தி வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்.

தாயில்பட்டியில் பிறந்து எங்கள் ஊருக்கு வாக்கப்பட்ட சீனியம்மா ஒருநாள் அவரோடு மல்லுக்கு நின்றாள்.

“ஊக்கு இல்லாம முந்தான நிக்காது போர்மேன். ஒங்க வீட்டம்மாவ அனுப்பி வைங்க, வந்து புடிச்சிக்கிட்டு நிக்கட்டும்.”

“இரும்பு ஆகாதுத்தா. களட்டு.”

“களட்டுறேன். நாலு பேரு பாக்க முந்தான அவுந்தா நீங்கதேன் பதில் சொல்லணும்.”

அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு முழம் பருத்தி நாடாவை எடுத்துக் கொடுத்தார். அப்படிப்பட்ட நாடாக்களை வெட்டி எப்போதும் பையில் வைத்திருப்பார். சீனியம்மா வாங்கிக் கட்டிக்கொண்டு, “பைக்குள்ள கடையே வச்சிருக்காக” என்றபடி உள்ளே போனாள். அன்றிலிருந்து அவளுக்கு இவரைக் கேலி செய்யாமல் பொழுது போகாது.

தகட்டைத் தொடும் பழக்கம் அவர் கையோடு ஒட்டிப்போயிருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நிலைப்படியில் வலது உள்ளங்கையை வைத்து, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் காலை உள்ளே வைப்பார். விருதுநகரில் ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, யாரோ பெரிய மனிதர் ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து, அவருக்குத் தனியாக இலை போட்டார்கள். அவர் மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நான் கவலைக்காரன். ஒருநாள் சாயங்காலம் எண்ணிக்கை சரியாக முடிந்ததும், “இன்னைக்கும் ஒண்ணும் நடக்கலை போர்மேன்” என்றேன், ஆறுதலாக.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “இன்னும் நடக்கலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி” என்றார்.

அந்த ஒரு சொல் என் தூக்கத்தைப் பல வருடங்களுக்குக் கெடுத்தது.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் வேனில், சாத்தூர் ரோடு பிரியும் இடத்தில், என் காதருகே குனிந்து சொன்னார்: “அண்ணாச்சி, ஒரு கிட்டாரு செய்யச் சொல்லலாம்னு இருக்கேன்.”

“வாங்கவா?”

“செய்ய. கடையில தொங்குறது நமக்கு ஆகாது.”

சின்ன வயதில் அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டு பங்குனித் திருவிழாக்களுக்குக் கிட்டார் வாசித்தவர் என்று அன்றுதான் தெரிந்தது. குழுவின் கிட்டார், இரவல்தான். முப்பத்தொன்றாவது வயதில் வேறொரு கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தபோது, இடது தோளும் இடது கையும் வெந்துபோயின. மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒன்றாக ஒட்டி, உள்பக்கம் வளைந்துவிட்டன. கம்பியை அமுக்கும் கை அதுதான். அதோடு வாசிப்பும் போயிற்று.

“இப்ப யோசிச்சுப் பாத்தேன். இடக்கைக்காரனுக்குச் செய்யிற கிட்டாருன்னு ஒண்ணு இருக்கு. திருப்பிப் போட்ட மாதிரி. வலது கையால அமுக்கணும், இடது கையால தட்டணும். தட்டுறதுக்கு இந்த மூணு விரலு போதும். தோள்ல போடுற வாரும் வலது தோளுக்குப் போயிரும், வெந்த தோளு தப்பிச்சிரும்” என்று கையை விரித்துக் காட்டினார். “ஆனா கரண்டு கிட்டாருதேன் வேணும் அண்ணாச்சி.”

“கரண்டா? நீங்களா சொல்றீக?”

“அதுக்கு ஒயரு சொருகலைன்னா வாயே கிடையாது. சும்மா ஒரு மரக்கட்ட. சின்னப் பெட்டி ஒண்ணு இருக்காம், அதுல சொருகிக் காதுல மாட்டிக்கிட்டா எனக்கு மட்டும் கேக்கும். அவளுக்குக் கேக்காது.”

அவர் சம்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. அந்த வெடி விபத்தில் அவரை இழுத்து வெளியே போட்டது அந்த அம்மாள்தான். அப்போது அதே கம்பெனியில் திரி கட்டும் வேலையில் இருந்தார். உடம்பில் ஒரு காயம்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து திடீரென்று எந்தச் சத்தம் கேட்டாலும் உட்கார்ந்த இடத்திலேயே நடுங்க ஆரம்பித்துவிடுவார். நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த வீட்டில் குக்கர் கிடையாது. எவர்சில்வர் தட்டு கிடையாது, விழுந்தால் சத்தம் என்று எல்லாம் பிளாஸ்டிக். கதவு இடுக்குகளில் ரப்பர் ஒட்டியிருப்பார். தீபாவளியன்று விடிவதற்கு முன் இருவரும் செங்கோட்டை ரயிலில் ஏறிவிடுவார்கள். போய் இறங்கி, அடுத்த ரயிலில் திரும்புவார்கள். ஓடுகிற ரயிலில் வெளிச் சத்தம் தங்காது. ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்பிவிட்டு, அந்த ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

சத்தம் வெளியே வராத ஒரு வாத்தியம் அவருக்கு ஏன் வேண்டும் என்று பிறகு நான் கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் கேட்டபடி கிட்டார் செய்து தரும் ஒருவரை எப்படியோ பிடித்தார். நடுவயதுக்காரர், பொறுமைசாலி. போர்மேனுக்கு ஒரு காது மந்தம் என்பதால் எப்போதும் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். வேன் முழுக்க அந்தப் பேச்சைக் கேட்டோம்.

“என்ன கலர் வேணுமுங்க?”

“மள பேஞ்ச கரிசக்காடு கலரு.”

“கருப்புங்களா?”

“கருப்பு இல்லங்க. கருப்புன்னா கரிமருந்து கலரு. ஈரமா இருக்கணும். பாத்தா இதுல தீப்பிடிக்காதுன்னு தோணணும்.”

அந்தப் பக்கம் ஏதோ டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “பழுப்புல கொஞ்சம் கருப்பு சேத்துப் பாக்கறேனுங்க” என்றார்.

வெள்ளி நிறம் கூடவே கூடாது என்றார் போர்மேன். அலுமினியப் பொடி நாள் முழுக்க நகக்கண்ணில் இருப்பதே போதும் என்று. மூலை முடுக்கு எதுவும் கூராக இருக்கக் கூடாது, கீழே விழுந்தால் முனை தட்டும். சுவிட்ச் வேண்டாம். சுவிட்சுக்குள் பொறி உண்டு. திருகும் குமிழ் ஒன்று போதும். மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை போகக் கூடாது. அந்த எடையை முடிவு செய்வதற்கு, ஒரு மஞ்சள் பையில் அரிசியை நிறுத்துப் போட்டு, வலது தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் வேனில் வந்தார்.

“போர்மேன், அரிசி எங்க போகுது? பொண்ணு வீட்டுக்குச் சீரா?” என்றாள் சீனியம்மா.

“இது கிட்டாருத்தா.”

“அப்பிடியா? பச்சரிசிக் கிட்டாரா, புழுங்கரிசிக் கிட்டாரா?”

வேனே சிரித்தது. அவரும் சிரித்தார். மறுநாள் பையில் கால் கிலோ குறைத்துக்கொண்டு வந்தார்.

கழுத்து எவ்வளவு தடிமன் என்று தெரிந்துகொள்ள, கண்ணில் பட்டதையெல்லாம் வலது கையால் பிடித்துப் பார்த்தார். மண்வெட்டிக் காம்பு, சைக்கிள் கைப்பிடி, வேனில் பிடித்துக்கொள்ளும் கம்பி, கடைசியில் வீட்டு அகப்பைக் காம்பு. அகப்பைக் காம்பு சரியாக இருந்தது. அதைக் கோயம்புத்தூருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் சம்சாரம் கரண்டியால் சோறு அள்ளிப் போட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை. இரும்பு ஆகாது. திருகாணி, முறுக்கும் சாவி, கம்பிகளைத் தாங்கும் பாலம், வார் மாட்டும் குமிழ், எல்லாம் பித்தளையில் இருக்கவேண்டும். மருந்து அறையில் நாங்கள் புழங்கும் சுத்தியல் மரம், கரண்டி பித்தளை, மருந்து சலிக்கும் அரிப்பு பித்தளை. பித்தளையில் பொறி வராது. அவர் உலகத்தில் நம்பத் தகுந்த உலோகம் அது ஒன்றுதான். கோயம்புத்தூர்க்காரர், “பித்தளை போட்டா அழகா இருக்குமுங்க” என்று ஒப்புக்கொண்டார். அவர் அதை அலங்காரம் என்று நினைத்தார்.

எனக்கு நாளாக ஆகப் பயம் வளர்ந்தது. அவர் வலது கை விரல்கள் எப்போதும் எதையாவது அமுக்கிக்கொண்டிருந்தன. தன் வெந்த இடது முன்கையையே கிட்டார்க் கழுத்தாகப் பிடித்து, சுருங்கிய தோலின் மேல் மூன்று விரல்களை ஓட்டிக்கொண்டிருப்பார். வேனில் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். கம்பெனிக்குள் இரண்டு அறைகளுக்கு நடுவிலும் விரல்கள் ஓடுவதைப் பார்த்தேன். ஓர் அறைக்கு இரண்டு, மூன்று பேர். நாற்பது அறைகள். இந்த ஆளின் கவனம் ஒன்றை நம்பித்தான் அத்தனை பேரும் உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்டுவிட்டேன். “உள்ள நிக்கையில கிட்டாரு நெனப்பு வருதா போர்மேன்?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “வராது அண்ணாச்சி. வாசத் தகட்டுல கைய வச்சேன்னா எல்லாம் மண்ணுக்குள்ள எறங்கிரும். கரண்டும் எறங்கிரும், நெனப்பும் எறங்கிரும்.”

நம்பினேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் அறை ஜன்னலைத் திறந்து வைத்து, அவர் ஒவ்வொரு அறைக்குள்ளும் நுழையும்போது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை தகட்டில் படிந்தது. ஒவ்வொரு முறையும் நான் மூச்சு விட்டேன்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன்.

எல்லோருடைய போன்களும் கேட்டில் என் மேசை டிராயருக்குள்தான் இருக்கும். பத்து மணிக்குமேல் அவர் போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. அவர் என்னிடம் ஒரு கையெழுத்துக்காக வந்தபோது சொன்னேன். எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, என் அறையின் வெளிப்பக்க ஜன்னலுக்கு நேர் எதிரே போய் நின்றார்.

“முடிஞ்ச மாதிரிதானுங்க. கம்பி மட்டும்தான் பாக்கி. என்ன சைஸு போடறதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்” என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

“சைஸு நீங்களே பாத்துப் போடுங்க. பித்தளையா இருந்தாச் சரி.”

“கம்பியுங்களா? கம்பி பித்தளையில போட முடியாதுங்களே.”

“ஏன்?”

“கம்பிக்கு அடியில காந்தம் இருக்குதுங்க. கம்பி ஆடறதைக் காந்தம் புடிச்சுத்தான் சத்தமா மாத்துது. பித்தளையைக் காந்தம் புடிக்காதுங்களே. இரும்புதான் வேணும். இரும்பு இல்லைன்னா ஒயரைச் சொருகினாலும் ஊமைதானுங்க.”

அந்தப் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

“காந்தம் இல்லாம இன்னொரு வழி இருக்குதுங்க. பாலத்துக்கு அடியில ஒரு சின்ன வில்லை வைக்கிறது. அதை அழுத்தினா கரண்டு வரும். கேஸ் அடுப்புப் பத்த வைக்கிற லைட்டரு இருக்குதல்லங்க, அதுக்குள்ள இருக்கிற அதே ஜாதி.”

“பொறி வருமே, அதா?”

“அதேதானுங்க.”

அவர் போனை அணைத்து, என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே நடந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கை தானாகப் போய் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டது. விரல்கள் மெதுவாக, மிக மெதுவாக, எதையோ தேடுவதுபோல அமுக்கிக்கொண்டே போயின.

என் உள்பக்க ஜன்னலுக்கு ஆகப் பக்கத்தில் இருந்த பதினேழாம் அறையில் மூன்று பெண்கள் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் சீனியம்மா. அவர் அந்த அறை வாசலுக்கு வந்தார். தகடு வலதுபக்கம் இருந்தது. வலது கை இடது முன்கையில் இருந்தது. அப்படியே உள்ளே போய்விட்டார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தவன் நின்றுவிட்டேன். கம்பெனிக்குள் ஓடக் கூடாது, கூச்சல் போடக் கூடாது. திடுக்கிட்டு ஒரு கை தட்டில் இடித்தால் போதும். மூன்று பேர், அவரோடு நான்கு பேர் என்று எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தால் எண் மாறாது என்று, ஒரு படித்த மனிதன், அந்த நேரத்தில் நம்பினேன்.

அறைக்குள் அவர் முதுகு தெரிந்தது. மருந்துத் தட்டுக்கு மேலே அவர் வலது கை நீண்டது. ஒரு சாண் தூரம் இருக்கும்போது அப்படியே நின்றது. கையைப் பார்த்தார். பிறகு, பூனைக்குட்டியை எழுப்பாமல் நகர்வதுபோல, கையைப் பின்னுக்கு இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்.

அவர் குரல் எனக்குக் கேட்டது. அவ்வளவு அமைதி.

“யாரும் எதையும் தொட வேண்டாம். கையை மடியில வைங்க. மெதுவா எந்திரிங்க. ஒவ்வொருத்தரா வெளிய போங்க.”

சீனியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெயில் காலத்தில் அந்த அறைகளில் பாம்பு வருவதுண்டு.

“என்ன போர்மேன், பாம்பா?”

“இல்லத்தா. நான்தேன்.”

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. முதல்முறையாகப் பதில் பேசாமல் எழுந்து வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற இருவர். மூன்று. கடைசியாக அவர். நான்கு. நான் உட்கார்ந்தேன்.

அவர் என் ஜன்னலுக்கு வந்து, “பெல் அடிங்க அண்ணாச்சி. எல்லாரும் வெளிய வரட்டும்” என்றார். முகம் சாம்பலாக இருந்தது.

“பதினேழு மட்டும்தானே?”

“காலைலருந்து எத்தன அறைக்குப் போனேன்? எதுல தொட்டேன், எதுல தொடலைன்னு எனக்கே தெரியல. இன்னைக்கு என்னைய நம்பி யாரும் உள்ள இருக்க வேண்டாம். அடிங்க.”

அவர் தொட்டார். காலையிலிருந்து எல்லா அறையிலும் தொட்டார், நான் பார்த்தேன். அதைச் சொன்னேன். “நீங்க பாத்தது சரி அண்ணாச்சி. என் கைக்குத் தெரியலையே” என்றார். அடித்தேன்.

சீசன் நேரம். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. முதலாளி காரில் வந்து இறங்கியபோது நூற்றுப் பதினெட்டுப் பேரும் கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார்கள்.

“எங்கய்யா தீ?”

“தீ இல்லங்க.”

“பொறவு?”

“தொடாம உள்ள போயிட்டேங்க.”

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒண்ணும் நடக்கலைல்ல? அப்ப நாளைலருந்து தொட்டுட்டுப் போ. இதுக்கு எதுக்குய்யா பெல்லு? வடக்க ரெண்டு லோடு நாளைக்குக் கெளம்பணும்.”

“இம்புட்டு வருசமா நான் நெனச்சுத் தொட்டதில்லங்க. கை தானாத் தொட்டுக்கிடும். இன்னைக்குக் கைக்கு வேற வேல வந்துருச்சு. இனி அது தொடும்னு நான் சொல்ல முடியாது. வேற ஆள வைங்க.”

“பைத்தியமாய்யா ஒனக்கு?”

“இல்லங்க. பயம்.”

மரத்தடியில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. எல்லாம் பீஸ் கணக்குக் கூலி. செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சீசனில் அரை நாள் போவது சின்ன விஷயம் இல்லை. யாரோ ஒருவன், “இவரு தொடலைன்னா நம்ம வயித்துல அடிக்கணுமா?” என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. போர்மேன் திரும்பி, “அரை நாளு கூலி நான் தாறேன், ஆளுக்கு இருநூத்தம்பது” என்றார்.

கிட்டாருக்கு என்று அவர் வங்கியில் போட்டு வைத்திருந்ததிலிருந்து எடுத்து, சனிக்கிழமை சம்பள நேரத்தில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே கொடுத்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சீனியம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, “அடுத்த வாரம் என்னைக்குத் தொடாம வருவீக? சொல்லிட்டா அன்னைக்கு நான் துணி துவைக்காம வந்துருவேன், மத்தியானமே வீட்டுக்குப் போய்த் துவைச்சுக்கிருவேன்” என்றாள். அவர் சிரிக்க முயன்றார். அவள் அப்படியே நின்று, “சாப்பிட்டீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதலாளி ஒரு வாரம் பேசிப் பார்த்தார். பிறகு, சிவகாசியில் இருந்த லேபிள் குடோனுக்கு மாற்றினார். காகிதக் கட்டுகளை இறக்கி ஏற்றும் இடம். சம்பளம் குறைவு. அங்கே மருந்து இல்லை, தகடு இல்லை, இரும்பு மேசை, இரும்பு அலமாரி. அங்கே போன அன்று சாயங்காலம் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்.

“இரும்பே போடுங்க” என்றார்.

புதிய போர்மேன் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் என் ஜன்னலை நான் சாத்தவில்லை. வேலையை விட்டு வரும் வரை அந்தக் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாளும் தவறவில்லை. இன்னும் தவறவில்லை என்று சொல்லவேண்டும்.

மீதிப் பணத்தைச் சேர்த்துக் கட்டி, கிட்டார் வந்து சேர ஒன்பது மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் என்னைக் கூப்பிட்டிருந்தார். நிறம் அவர் கேட்டபடி இருந்தது, நனைந்த கரிசல் மண்ணைப் பிசைந்து உருட்டி வைத்ததுபோல. அவர் காதில் மாட்டிக்கொண்டு, வலது தோளில் வாரைப் போட்டு, வளைந்த இடது கையால் தட்ட ஆரம்பித்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பல்லி நடப்பதுபோல ஒரு டிக் டிக் மட்டும். அவர் சம்சாரம் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த ஆறு கம்பிகளையும் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. இழுத்துக் கட்டிய இரும்பு. அந்த அம்மாள் பக்கத்திலேயே. ஏதாவது ஒன்று போனால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று. ‘டங்’ என்று ஒரே அறை, சுவரில் பட்டுத் திரும்பியது. மெல்லிய கம்பி சுருண்டு துள்ளியது.

நான் எழுந்துவிட்டேன். போர்மேன் முகத்தில் அன்றைக்கு என் ஜன்னலில் பார்த்த அதே சாம்பல். இருவரும் அந்த அம்மாளைத்தான் பார்த்தோம். மொச்சை உரிக்கும் கை நின்றிருந்தது. விரல்கள் லேசாக ஆடின. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பதினொன்று வரை வந்தேன்.

“அந்துபோச்சா?” என்றார் அந்த அம்மாள்.

“ஆமா.”

“வேற இருக்கா?”

“இருக்கு.”

“மாட்டுங்க” என்று சொல்லிவிட்டு, அடுத்த மொச்சையை எடுத்தார்.

குடோனில் இரண்டு வருடமும் இரண்டு மாதமும் இருந்துவிட்டு அவர் வேலையை விட்டார். கடைசி நாளன்று கணக்கு முடிக்க என்னிடம் வந்தவர், போகும்போது, “அண்ணாச்சி, இந்தக் கிட்டாரு எனக்கு மொத்தத்துல என்னாச்சு?” என்று கேட்டார். யாரும் கேட்காமலே நான் அதை எப்போதோ போட்டு வைத்திருந்தேன். கிட்டார் அறுபத்திரண்டாயிரம். சின்னப் பெட்டியும் காதில் மாட்டுவதும் ஏழாயிரத்து நானூறு. நூற்றுப் பதினெட்டில் மாதச் சம்பளக்காரர்கள் நாங்கள் மூன்று பேர் போக, நூற்றுப் பதினைந்து பேருக்கு அரை நாள் கூலி இருபத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. குடோனுக்குப் போனதால் குறைந்துபோன சம்பளம் மாதம் நாலாயிரத்து ஐநூறு, இருபத்தாறு மாதத்துக்கு ஒரு லட்சத்துப் பதினேழாயிரம்.

“பதினேழாம் ரூம்ல இருந்தாகளே மூணு பேரு, அவுகளுக்குக் குடுத்ததும் இதுல சேந்திருக்கா?” என்று கேட்டார்.

“அவுகளும் சேந்துதான்.”

“அப்பச் சரி. சொல்லுங்க.”

சொன்னேன். இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.